பூ வாளிகள் மீது ஒரு வாக்கெடுப்பு

கொரோனாக் கட்டுப்பாடுகளெல்லாம் விலகி, கொமுட்டர் ரயிலில் மறுபடியும் நிற்க இடம் தேட வேண்டி வந்த ஆண்டு அது. ஆண்டின் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட மாதத்தில், கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் இது நடந்தது. ஐந்து மாடி, லிப்ட் கிடையாது, மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் கலந்திருக்கும் இடம். அங்கே குடியிருப்போர் குழுவுக்கு நான் செயலாளர். பிரிக்பீல்ட்சில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுவது என் வேலை. எதையும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவள் என்பதால், கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. மற்றபடி எனக்கு அரசியலும் தெரியாது, கணினியும் அளவோடுதான் தெரியும்.

அந்த மழையோடு, கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சலும் வந்தது. முதலில் இரண்டாம் மாடியில் ஒரு சீன முதியவர். பிறகு அவருக்கு எதிர்வீட்டில் ஒரு மலாய்ப் பெண்மணி. பிறகு படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வீடு வீடாகப் பரவியது. சுகாதார இலாகாவினர் நுழைவாயிலில், டிங்கி பரவும் இடம் என்று சிவப்புப் பதாகை கட்டிவிட்டுப் போனார்கள். புகை அடிக்கும் ஆட்களும் வந்தார்கள். புகை அடங்கியதும் சன்னல்களைத் திறந்தோம். சில நாட்களில் அடுத்த வீட்டில் ஒருவர் படுத்தார்.

கொசுப்புழு எங்கே வளர்கிறது என்று தேட அதிகாரிகள் ஒவ்வொரு வீடாக வந்தபோது, செயலாளர் என்ற முறையில் நானும் கூடவே படியேறினேன். பல கதவுகள் திறக்கவே இல்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்கும், தாளிக்கும் வாசனை வரும், கதவு மட்டும் திறக்காது. புழு கிடைத்தால் அபராதம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்காக, பக்கத்து வீட்டில் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுமா கதவைச் சாத்திக்கொள்வார்கள்? அசட்டையான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. அதிகாரிகள் தலையை நீட்டிப் பார்த்து, "இங்க சுத்தமா இருக்கு" என்று மலாயில் சொல்லிவிட்டு அப்படியே போனார்கள். எனக்கு அதில் சின்னப் பெருமை.

எங்கள் குழுத் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கத்திப் பழகியதாலோ என்னவோ, பக்கத்தில் நிற்பவரிடமும் கப்பலில் நிற்பவரிடம் பேசுவது போலவே பேசுவார். நல்ல மனிதர். மகளும் பேத்தியும் அவரோடு மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அந்தப் பேத்திக்கு, அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைக்கு, காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்று செய்தி வந்த அன்றைக்கு, எங்கள் புலனக் குழுவில், அதாவது கைப்பேசி அரட்டைக் குழுவில், யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள்.

கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக வாளிகள். வாளிகளில் தண்ணீர். தண்ணீரில் ரோஜாவும் சாமந்தியும்.

அவை எங்கள் பூக்கார அக்காவுடையவை. கீழ்த்தளத்து மூலை வீட்டில் இருக்கிறார். கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் மாலை கட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். கணவர் போன பிறகு மூத்த மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது அந்த வாளிகள்தான். இளையவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் இடம் போதாது என்று, படிக்கட்டுக்கு அடியில் வாளிகளை வைத்துக்கொள்ள முன்பு எங்கள் குழுவே அனுமதி கொடுத்திருந்தது.

படம் வந்த கொஞ்ச நேரத்திலேயே அரட்டைக் குழு பற்றிக்கொண்டது. "இத்தனை வாளித் தண்ணி கீழ இருந்தா கொசு வராம என்ன வரும்?" என்று ஒருவர். "முதல்ல அத தூக்கி எறியுங்க" என்று இன்னொருவர். வேறொரு கூட்டம், வாளியை விடுங்கள், கூரையில் தண்ணீர் தேங்குவதைச் சரிசெய்யாத குழுதான் காரணம் என்று எங்கள் மேல் பாய்ந்தது. மலாய், தமிழ், ஆங்கிலம் என்று எல்லா மொழியிலும் சண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து தலைவர் குரல் பதிவு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், ஒரே விஷயம், பூ வாளிகளுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது.

அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அக்கா கதவோரம் உட்கார்ந்து நாரில் பூ வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங் அக்கா," என்றேன்.

"தெரியும்மா. என்னைய வெச்சுத்தானே மீட்டிங்? மாலை ஒன்னு நானே கட்டி எடுத்துட்டு வந்துரவா, எனக்குப் போட?"

அவரே சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வாளிய எடுக்கச் சொன்னா எங்கம்மா வெப்பேன்? வீட்டுக்குள்ள வெச்சா வாளி படுக்கும், நாங்க நிக்கணும். கடை புடிக்க நமக்கு வக்கு ஏது? தொழில விட்டுட்டு போன்னு சொல்றதுக்கு, நேரா அப்படியே சொல்லிடலாம் லா."

மறுநாள் காலை ரயிலில் நான்காம் மாடிப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். முப்பது வயது இருக்கும். அவளும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான் வேலைக்குப் போகிறாள். கணினியில் தரவுகளை ஆராயும் வேலை. அரட்டைக் குழுவின் சண்டையைப் பற்றி நான் அலுத்துக்கொண்டேன்.

"ஆன்டி, அந்தக் குரூப்ல எத்தன பேர் பேசுறாங்கன்னு கவனிச்சீங்களா?"

"எல்லாரும்தான் பேசுறாங்க."

"இல்ல லா ஆன்டி. திருப்பித் திருப்பி அதே ஏழெட்டுப் பேருதான். மத்தவங்க எல்லாம் படிச்சிட்டு கம்முனு இருக்காங்க. அவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது."

பிறகு, ஒரு கையால் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். வெளிநாடுகளில் அரசாங்கமே சிக்கலான விஷயங்களில் மக்கள் கருத்தைக் கேட்க இப்படிப்பட்ட பக்கங்களைப் பயன்படுத்தியிருக்கிறதாம். யாரும் பெயர் போடாமல் ஒரு கருத்தை ஒரு வரியில் எழுதலாம். மற்றவர்கள் அதைப் படித்து "சரி", "சரியில்லை", "தெரியல" என்று மூன்றில் ஒன்றை அமுக்கலாம். அவ்வளவுதான். பதில் எழுத இடமே கிடையாது.

"பதில் எழுத முடியாட்டி எப்படிப் பேசுறது?" என்று கேட்டேன்.

"பதில் எழுத முடியாததுதான் ஆன்டி இதோட அழகே. சண்டை புடிக்க எடமில்ல. அதுக்கு மேல சொல்லணும்னா புதுசா ஒரு வரி எழுது, அதுக்கு மத்தவங்க ஓட்டுப் போடட்டும்."

திரையில் புள்ளிகளைக் காட்டினாள். ஒரு புள்ளி ஓர் ஆள். ஒரே மாதிரி வாக்களிப்பவர்களின் புள்ளிகள் கிட்டக் கிட்டப் போய்ச் சேர்ந்துகொள்ளும். மாறி வாக்களிப்பவர்கள் விலகிப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் எத்தனை கூட்டம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் பட்டியலில் மேலே வருவது, கூட்டம் பெரிதாக இருப்பவர்களின் கருத்து இல்லை. எதிரும் புதிருமான கூட்டங்கள் இரண்டுமே "சரி" என்று சொல்லும் கருத்துதான் மேலே வரும்.

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு நடந்து, கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் எனக்கு அந்தப் புள்ளிகளே கண்ணில் நின்றன. எங்கள் குடியிருப்பு அதில் எப்படித் தெரியும்? மலாய்க்காரர் ஒரு பக்கம், சீனர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று நிற்குமா? மேல் மாடி, கீழ் மாடி என்று நிற்குமா? பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. அக்காவுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தைவிட அந்த ஆர்வம்தான் அன்று என்னைத் தலைவரிடம் இழுத்துப் போனது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தலைவரை நாங்கள் இருவரும் படிக்கட்டில் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டோம்.

"பேரு போடாம பேசுறவன் கோழை லா," என்றார்.

"கோழைக்கும் ஓட்டு உண்டு அங்கிள்," என்றாள் அந்தப் பெண்.

தலைவர் அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு, "ஒரே ஆளு பத்துத் தடவ அமுக்குனா?" என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பாதி சம்மதித்துவிட்டார் என்று.

அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். வீட்டுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு எண். அந்த எண்ணைப் போட்டால்தான் பக்கம் திறக்கும். சீட்டுகளையெல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, கீழே மண்டபத்தில் வைத்தோம். வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராகக் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் ஆள் எடுத்ததும், பழக்க தோஷத்தில், எந்த வீட்டுக்கு எந்த எண் என்று குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஆன்டி! எழுதக் கூடாது."

"சும்மா ஒரு கணக்குக்கும்மா."

"அந்தக் கணக்கு இருக்கக் கூடாதுன்னுதானே டின்."

பேனாவை மூடினேன். என் கண் முன்னால் நடக்கும் ஒன்றைக் குறித்து வைக்காமல் நிற்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்த கருத்துகளைத் தமிழில் எழுதிப் போடுவதும், தமிழில் வந்தவற்றை மலாய்க்கு மாற்றுவதும் என் வேலையாயிற்று. யார் எழுதியது என்பது எனக்கும் தெரியாது. வரி மட்டும்தான் வரும். முதலில் வந்ததெல்லாம் அரட்டைக் குழுவின் பழைய சண்டைதான். "பூ வாளிகளை எடுக்க வேண்டும்." "கூரையைச் சரிசெய்யாத குழு பதவி விலக வேண்டும்." "வாரம் ஒரு முறை புகை அடிக்க வேண்டும்." ரயிலில் அவள் சொன்னபடியே புள்ளிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. வாளியைக் குற்றம் சொல்பவர்கள் இடப்பக்கம், குழுவைக் குற்றம் சொல்பவர்கள் வலப்பக்கம். இன வாரியாகப் பிரியும் என்று நான் நினைத்தது தவறு. இரண்டு பக்கமும் எல்லாரும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும். தமிழில் வந்த வரிகளே ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன.

அக்காவுக்குக் கைப்பேசியில் இதெல்லாம் பழக்கமில்லை. உதவி கேட்டதால் நான் போய் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். புகை அடிப்பதற்கு "சரி" என்றார். கூரைக்கு "சரி" என்றார். "பூ வாளிகளை எடுக்க வேண்டும்" என்ற வரி வந்ததும் நானே தயங்கினேன்.

"படிம்மா. படிச்சாத்தானே அமுக்க முடியும்."

படித்தேன். "சரியில்லை" என்ற பொத்தானை நோக்கி என் விரல் தானாகவே போனது. அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தெரியலன்னு போடு."

"அக்கா, இது உங்க பொழப்பு."

"தெரியும். தினம் தண்ணி மாத்துறேன், என் வாளியில இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா ஒரு புள்ள ஆஸ்பத்திரில கெடக்கும்மா. இல்லவே இல்லன்னு எப்படி அமுக்குறது? எனக்கு நெசமாவே தெரியல."

"தெரியல" என்பதை அமுக்கினேன். அந்தப் பொத்தான் எதிலும் பட்டுக்கொள்ளாதவர்களுக்காகத்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது புதிய வரி ஒன்று வந்தது. மலாயில் இருந்தது. அதிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் இடத்தில் எல்லாருமே மலாயில் எழுதுவோம். நான் அதைத் தமிழில் இப்படி எழுதினேன்: "தண்ணீர்த் தடைக்குப் பயந்து என் வீட்டில் தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்திருக்கிறேன். அபராதத்துக்குப் பயந்து அதிகாரிகளுக்குக் கதவைத் திறக்கவில்லை."

இதை மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீர் திடீரென்று நின்றுபோவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆற்றில் ஏதோ கலந்துவிட்டது என்பார்கள், குழாய் பழுது என்பார்கள். ஐந்து மாடிக்கு வாளி தூக்கியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அதனால் எல்லார் வீட்டிலும் தோங் என்று நாங்கள் சொல்லும் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று குளியலறையிலோ பின்பக்கமோ நிற்கும். தடை முடிந்து தண்ணீர் வந்த பிறகும் அதைக் கொட்ட மனம் வராது. நாளைக்கே மறுபடி நின்றுவிட்டால்? என் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஆனால் மூடியோடு. அதனால் அந்த வரிக்கு, என் வீட்டில் அப்படி இல்லை என்ற அர்த்தத்தில், "சரியில்லை" என்று கொஞ்சம் கம்பீரமாகவே அமுக்கினேன்.

பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு ஆறிப்போனது. வாக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சரி. சரி. சரி. இடப்பக்கத்திலிருந்தும், வலப்பக்கத்திலிருந்தும். மாலை ரயிலில் நான்காம் மாடிப் பெண் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த வரி பட்டியலின் உச்சிக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே, வேறு யாரோ எழுதிய இன்னொன்று: "அபராதம் இல்லையென்றால் கதவைத் திறப்பேன்." அதற்கும் இரண்டு பக்கமும் சரி.

"ஆன்டி, ரெண்டு கூட்டமும் ஒத்துக்கிட்டது இந்த ரெண்டு வரியிலதான்," என்றாள். அவளாலேயே அதை நம்ப முடியவில்லை என்று குரலில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். பேத்திக்கு இன்னும் தெளியவில்லை. அவர் அந்த வாக்கெடுப்புப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. அக்கா கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காம் மாடிப் பெண் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, புள்ளிகளையும் வரிகளையும் அதில் காட்டினாள். உச்சியில் இருந்த வரியை மூன்று மொழியிலும் படித்தாள்.

எல்லாரும் துணியைப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் இருப்பதுமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இரண்டாம் மாடிச் சீன முதியவர், காய்ச்சலிலிருந்து மீண்டு வந்திருந்தவர், "சாமா லா! எல்லாம் சாமா!" என்று மலாயில் சொன்னார். எல்லாரும் ஒன்றுதான் என்று அர்த்தம். மண்டபமே சிரித்தது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "எத்தன வீடு?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல, அங்கிள்."

"அப்புறம் ஏன் எல்லாரும் வாளியப் புடிச்சுக்கிட்டோம்?"

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அது ஒன்னுதான் அண்ணே வெளிய இருந்துச்சு."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து, கூட்டத்தை முடிக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல், படியேறத் தொடங்கினார். இரண்டு படி ஏறிவிட்டு, "செயலாளர், வாம்மா. நீயும் வா," என்று என்னையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள்.

அவர் வீட்டுக் குளியலறையில் நீல நிறத் தோங் ஒன்று நின்றது. பாதி அளவு தண்ணீர். போன தடையின்போது நிரப்பியது என்றார். கைப்பேசி விளக்கை அடித்தார். வெளிச்சம் பட்டதும் மேலே மிதந்த சின்னச் சின்னக் கோடுகள் எல்லாம் உடம்பை நெளித்துக்கொண்டு அடிக்கு இறங்கின. அத்தனை உயிர் அதில் இருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும்.

"என் பேத்தி இங்கதாம்மா குளிக்கும்," என்றார். அந்த மனிதரின் குரலை அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

அவர் அதைப் படம் எடுத்தார். தன் வீட்டு எண்ணைப் போட்டு, "என் வீடு. வந்து பாருங்க" என்று எழுதி, பூ வாளிப் படம் வந்த அதே அரட்டைக் குழுவில் போட்டார். ஒன்றும் வரவில்லை. நாங்கள் குளியலறை வாசலிலேயே நின்றோம். பிறகு ஒரு படம் வந்தது, நான்காம் மாடி. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்த முடியாதபடி வந்துகொண்டே இருந்தன. பச்சைத் தோங், சிவப்புத் தோங், சிமெண்டுத் தொட்டி, மூடி உடைந்த துணி துவைக்கும் இயந்திரம். யாரோ "அலாமாக்!" என்று தலையில் கைவைக்கும் பொம்மையோடு போட்டார்கள்.

அன்று மதியமே, ஒரு மாடிக்காரர்கள் இன்னொரு மாடியைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் நான் சுகாதார இலாகாவுக்குப் போய் நிலைமையைச் சொன்னேன். அபராதம் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது என்றார் அதிகாரி. ஆனால் நாங்கள் வருவதற்குள் நீங்களே கொட்டிக் கழுவிவிட்டால் எங்களுக்குக் கிடைக்க என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு, புழுக்கொல்லி மருந்துத் தூளும் கொடுத்தனுப்பினார்.

என் வீட்டைப் பார்க்க வந்தது ஐந்தாம் மாடி மலாய்ப் பெண்மணி. நான் பெருமையோடு என் மூடி போட்ட தோங்கைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். மூடி நடுவில் குழிவாக இருந்தது. அந்தக் குழியில், குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு கையளவு தேங்கியிருந்தது. அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. "உங்க வீட்டுல கொசுவுக்கு மாடி வீடு," என்றார் அவர். சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

அக்காவின் வீட்டுக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது தலைவரே போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாளியிலிருந்தும் பூவைத் தூக்கிப் பிடித்து விளக்கடித்தோம். ஒன்றிலும் புழு இல்லை. அடுப்படிக்குப் பின்னால் அவருடைய தோங் இருந்தது. அதில் இருந்தது.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "என் வாளியப் போட்டோ புடிச்ச ஆளக் கூப்பிடுங்க அண்ணே. வந்து இதையும் புடிக்கட்டும். இதுதான் அழகா இருக்கு."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்தத் தோங்கின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார், இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன், சாய்த்துக் கொட்டினோம். "வாளி அங்கயே இருக்கட்டும்மா," என்றார். மன்னிப்பு என்று தனியாக எதையும் அவர் கேட்கவில்லை. அக்காவும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. அனுமதி பற்றிய விஷயம் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வரவில்லை.

பேத்தி தேறி வீட்டுக்கு வந்தாள். அந்த மாதத்துக்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் காய்ச்சல் குறைந்தது. தோங்குகளைக் கொட்டியதால்தான் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மழையும் அப்போது விட்டிருந்தது. ஆனால் கதவுகள் திறந்தன. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதே வாக்கெடுப்புப் பக்கத்தில் வந்த இன்னொரு யோசனையின்படி, கீழே எல்லாருக்கும் பொதுவாக மூடியும் குழாயும் உள்ள பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தோம். வீட்டில் தோங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் நின்றால் கீழே இருக்கிறது என்ற தைரியம் இருந்தால், பழைய தண்ணீரைக் கொட்ட மனம் வரும் அல்லவா?

அந்த வரியை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆசையிருந்தது. படியில் எதிரே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். ஒரு நாள் தலைவரிடமே கேட்டுவிட்டேன், நீங்களா என்று.

"நான் எழுதலம்மா," என்றார். "எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால், எங்கேயாவது எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளை நோக்கி விரல் நீட்டுவதைப் பார்த்தால், இவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லப் பயப்படுவது எதுவாக இருக்கும் என்று யோசிக்கும் பழக்கம் மட்டும் இன்றுவரை என்னோடு இருக்கிறது.